ரோபோவுக்கு நோட்டீஸ் இல்லை

தொண்ணூறுகளின் கடைசியில், மறைமலைநகரில் கார் கதவுகளுக்கு வெல்டிங் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். ஜப்பானிலிருந்து ரோபோ வந்திறங்கிய அன்று அதற்குக் கிடைத்த மரியாதை என் கல்யாணத்தில்கூட எனக்குக் கிடைக்கவில்லை. மாலை, சந்தனம், திருஷ்டிப் பூசணிக்காய். மேனேஜர் பேசினார்: "இது லீவு கேக்காது, டீ கேக்காது, எதிர்த்துப் பேசாது." எங்களைப் பார்த்தபடியேதான் சொன்னார். நாங்களும் கைதட்டினோம்.

அந்த வருஷமே எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு: ரோபோவுக்கு எடுபிடி. தகட்டை வைப்போம், அது பற்றவைக்கும், எடுப்போம்.

அதைச் சுற்றிக் கம்பி வேலியும் ஒரு கதவும் உண்டு. கதவைத் திறந்தால் ரோபோ நின்றுவிடும். அப்படித்தான் செய்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் அது நிற்கும்போதெல்லாம் உற்பத்தியும் நின்றது. எங்கள் சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. கதவு மூடியிருப்பதாக ரோபோவை நம்பவைக்க, கதவோரத்துச் சென்சாரில் ஒரு காந்தத்துண்டை ஒட்டிவிட்டார். அப்புறம் கதவு திறந்தே கிடந்தது, ரோபோ ஓடிக்கொண்டே இருந்தது. 'பாதுகாப்பே நம் உயிர்மூச்சு' என்று எதிர்ச்சுவரில் இருந்த பலகை மட்டும் தன் கடமையைக் குறைவில்லாமல் செய்தது.

ஒருநாள் சாய்ந்துபோன தகட்டை நேராக்க உள்ளே போனேன். ரோபோவின் கை சுழன்று வந்து என் வலது தோளில் அடித்து, வேலியில் கொண்டுபோய்ச் சாய்த்தது. அடித்த கையோடு அடுத்த தகட்டைப் பற்றவைக்கப் போய்விட்டது. அதன் தொழில் பக்தியை மெச்சத்தான் வேண்டும். கூட வேலை பார்த்த நண்பன் ஓடிவந்து சிவப்பு பட்டனை அழுத்தி என்னை வெளியே இழுத்தான்.

"இன்னா மச்சான், உசுரு கீதா?"

"கீது. கைதான் எங்க கீதுன்னு தெர்ல."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். பழம் வாங்கிக்கொண்டு யாராவது வருவார்கள் என்று பார்த்தால், கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. ரோபோவின் பாதையில் நின்று உற்பத்திக்கு இடையூறு செய்தது ஏன், விளக்கம் தரவும்.

மனைவி அதைப் படித்துவிட்டு, "அதுக்கு நோட்டீசு இல்லியா?" என்றாள்.

"எதுக்கு?"

"உன்ன அடிச்சிச்சே, அதுக்கு."

அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது. இடது கையால் பதில் எழுதினேன்: 'சம்பவத்தின்போது நாங்கள் இருவருமே பணியில் இருந்தோம். எனவே ரோபோவையும் விசாரிக்க வேண்டுகிறேன். அதற்குப் பேச வராவிட்டால், காந்தம் ஒட்டியவர் அதன் சார்பில் பேசலாம்.'

விசாரணையில் பெர்சனல் ஆபீசர் பொறுமையாக விளக்கினார். "மெஷின் தப்பே பண்ணாதுப்பா. சொன்னதைத்தான் செய்யும்."

"யார் சொன்னதை சார்?"

அவர் தண்ணீர் குடித்தார்.

அந்தச் சமயம் ரோபோவைச் சர்வீஸ் பண்ண ஜப்பான்காரர் ஒருவர் வந்திருந்தார். என் கட்டைப் பார்த்தார். நேராகக் கதவுக்குப் போய்க் காந்தத்தைப் பெயர்த்து எடுத்தார். பிறகு என் முன்னால் வந்து இடுப்பு வளையக் குனிந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

மேனேஜர் மொழிபெயர்த்தார்: "இனிமே ஜாக்கிரதையா இருக்கச் சொல்றாரு."

'சாரி' என்ற சொல் புரிகிற அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியும். அந்த விபத்துக்காக என்னிடம் வருத்தம் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை அழவில்லை.

நோட்டீஸைச் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கினார்கள். சூப்பர்வைசருக்குத் தண்டனையாக இன்னும் பெரிய செக்‌ஷனைக் கொடுத்தார்கள். தோளுக்கு மேல் கையைத் தூக்க முடியாத என்னை ஸ்டோருக்கு மாற்றி, பாதுகாப்புக் கமிட்டியிலும் உறுப்பினராக்கினார்கள். வாய் அடைபடும் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் கூட்டத்தில், பின்னால் வந்திறங்கிய மற்ற ரோபோக்களின் கதவுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். போண்டா சூடாக இருப்பதாக மேனேஜர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் நண்பனும் நானும் லைன் முழுக்க நடந்தோம். எல்லாக் கதவுகளும் திறந்தே கிடந்தன, எல்லாவற்றிலும் காந்தம் இருந்தது. ஒன்று விடாமல் பிடுங்கினோம். ஒவ்வொரு ரோபோவாகக் கையைத் தூக்கியபடி நின்றது.

மறுநாள் என்னைக் கமிட்டியிலிருந்து நீக்கினார்கள். அந்த வாரமே எல்லாக் கதவுகளுக்கும், ரோபோ நின்றால்தான் திறக்கிற மாதிரி, ஒழுங்காகப் பூட்டும் போட்டார்கள். நான் ஆசைப்பட்டது பூட்டுக்கு மட்டும்தான். போண்டாவிலிருந்தும் விடுதலை கிடைத்தது.