சால்வையில் விழுந்த வட்டம்

எங்கள் மேசைக்கு எந்தத் துணி வந்தாலும் முதலில் ஜி.எஸ்.எம். கட்டரை அதன்மேல் வைத்து அழுத்தி ஒரு திருகு திருகுவோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் கழன்று வரும். அதை எடைபோட்டால் துணியின் கனம் தெரிந்துவிடும். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக எட்டு வருடம் குப்பை கொட்டிய எனக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. அன்று காலை வந்தது துணியில்லை, சால்வை என்பதை என் கை கவனிக்கவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் அயர்லாந்துப் பெண்மணி ஒருவர். அங்கே அவரும் தோழிகளும் சேர்ந்து சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார்கள். ஒருத்தி வெள்ளியில் நகை செய்வாள், ஒருத்தி சோப்பு காய்ச்சுவாள், இவர் கம்பளி பின்னுவார். எல்லாப் பொருளிலும் செய்தவரின் பெயரை எழுதி ஓர் அட்டை தொங்கும். பாறையில் சுரண்டிய பாசியில் சாயமேற்றி, ஒரு குளிர்காலம் முழுக்கத் தன் கையால் பின்னிய சால்வை அது. இதே நிறத்தில் பருத்தித் துணி நெய்து தர முடியுமா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, முதலாளியோடு நூற்பாலை பார்க்கப் போனார்.

போனில் பேசிக்கொண்டே நடுச்சால்வையில் திருகிவிட்டேன்.

வட்டத்தைத் தராசில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கம்பெனியில் கை எம்பிராய்டரி செய்கிற அக்காவிடம் ஓடினேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "உடுங்க கண்ணு, பாத்துக்கலாம்" என்றார். ஓரத்துக் குஞ்சத்திலிருந்து நூலை உருவி, அவிழ்ந்துகொண்டிருந்த கண்ணிகளை ஊசியில் ஒவ்வொன்றாகப் பிடித்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. சாயங்காலம் நான் விரலால் தடவித் தேடியும் ஓட்டை இருந்த இடம் கிடைக்கவில்லை.

தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் திரும்பி வந்த முதலாளியின் கண்ணில், தராசுமேல் நான் மறந்துவிட்ட அந்த வட்டம் பட்டது. விருந்தாளி முன்னால் மரியாதையாக ஆங்கிலத்தில், யார் செய்தது என்று கேட்டார். நான் அக்காவைக் காட்டினேன். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. சால்வையைத்தான் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே எடுத்து நீட்டினார்.

முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பப்போவதாகச் சொன்னார். அந்தப் பெண்மணி சால்வையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வெட்டினாலும் இப்படிச் சேர்த்துத் தைக்கத் தெரிந்தவளை அனுப்பக்கூடாது என்று கெஞ்சினார். முதலாளியும் சரியென்று தலையாட்டிவிட்டு, கார் வந்துவிட்டதா பார்க்க வெளியே போனார். பெண்மணி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இனி இந்தச் சால்வையின் அட்டையில் தன் பெயருக்குப் பக்கத்தில் இவள் பெயரும் இருக்கும், அதை இவளிடம் சொல் என்றார்.

அக்காவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டியது யாரென்று தெரிந்த ஒரே ஆள். தினமும் அந்த முகத்தில் விழிக்க வேண்டுமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உதவி செய்தவர்மேல் அப்படியொரு வெறுப்பு வருமென்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"அக்கா, அவிங்களுக்குத் திருப்தியில்லீங்க. நாளையிலிருந்து வர வேண்டாங்கறாங்க."

அக்கா அழுதார். அது ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, அந்தப் பெண்மணி அவரைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார். பிறகு அட்டைக்காகப் பெயர் கேட்டார். ஒரு எழுத்து பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் முதலாளியிடம், வெட்கப்பட்டுக்கொண்டு அக்கா தானாகவே நின்றுவிட்டதாகச் சொன்னேன்.

போன மாதம் அனுப்பர்பாளையம் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிறாராம். விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. ஊசி பிடிக்க வரமாட்டேன் என்கிறது என்றார். என்மேல் கோபமே இல்லை. பிள்ளைகளுக்கு என்று வாங்கிய பொட்டலத்திலிருந்து எனக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தார்.

"ஏனுங்க கண்ணு, என்ற தையல் அவ்வளவு தெரிஞ்சுதுங்களா? இன்னொரு நா குடுத்திருந்தா தெரியாமப் பண்ணியிருப்பனுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் வருவதற்கு நேரம் இருந்தது.

"ஆமாங்க்கா, கொஞ்சம் தெரிஞ்சுது" என்றேன்.