கழற்றிவிட்ட மீட்டர் கேபிள்

இது நடந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அப்போது நாங்கள் ராயபுரத்தில் குடியிருந்தோம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதற்கென்றே என்னை வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம். சரக்கு எடை குறைந்தாலோ, பெட்டி உடைந்து வந்தாலோ, எதிராளி வாய் திறக்க வழியில்லாதபடி ஒரு கடிதம் தட்டிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இந்தச் சம்பவத்தில் பாதி அந்தக் கர்வத்தால் வந்தது.

என் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். வருடத்தில் பத்து மாதம் கடலில்தான். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணி, அண்ணன் பிள்ளைகள் நான்கு பேர், நான், என் மனைவி, எங்கள் பிள்ளைகள் மூவர். ஆக மொத்தம் பன்னிரண்டு உருப்படி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பினால் தெருவே வேடிக்கை பார்க்கும். அண்ணன் பணம் அனுப்ப, பெயர் பதிந்து காத்திருந்து, ஒரு ஸ்டேஷன் வேகன் வாங்கினோம். ஜீப்பின் முகம், உயரமான உடம்பு, பின்னால் எதிரெதிராக இரண்டு நீள சீட்டு. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். எதிர்வீட்டுக்காரர் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டுக்கும் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

ஓட்டுவதும் பராமரிப்பதும் என் பொறுப்பு. புது வண்டி என்றுதான் பெயர். இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். மழை பெய்தால் முன்கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் அப்பாவின் மடியில் சொட்டும். ஒருமுறை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பின்கதவு திறந்துகொண்டு அண்ணியின் ஒற்றைச் செருப்பு தண்டவாளத்தில் விழுந்தது. முதலில் நானே ஸ்குரூ டிரைவரும் கம்பித் துண்டுமாக முயன்று பார்ப்பேன். முடியாவிட்டால் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுவேன், நகல் எனக்கு. கம்பெனி சர்வீஸ் ஷெட் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலேயே இருந்தது. வாரண்டிக் காலம் என்பதால் எல்லாவற்றையும் காசில்லாமல் சரி செய்து கொடுத்தார்கள்.

அந்த வாரண்டிக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆறு மாதம், அல்லது புத்தகத்தில் குறித்திருக்கும் மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை. பன்னிரண்டு பேர் உள்ள வீட்டில் மைல்தான் முதலில் ஓடும். எங்கள் தொழிற்சாலை மானேஜரின் டிரைவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டால் மீட்டருக்குப் பின்னால் ஒரு கேபிள் வரும். அதன் நட்டைக் கையாலேயே திருகிக் கழற்றிவிடலாம். வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. அந்தக் காலத்தில் புது வண்டிக்காரர்களில் பலர் இதைச் செய்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது.

கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் வேளாங்கண்ணிக்குப் போய் வந்தோம். பொன்னேரி, மாதவரம் என்று சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கும் அப்படியே. முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்க, பிள்ளைகள் பின்னால் பாடிக்கொண்டு வருவார்கள். என் மனைவி மட்டும் ஒருமுறை, "மீட்டர் நின்னா மட்டும் வண்டி தேயாதா?" என்று கேட்டாள். உனக்கு இயந்திரம் பற்றி என்ன தெரியும் என்று அடக்கிவிட்டேன். எனக்கும் ஒன்றும் தெரியாது என்பதை அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டாவது இலவச சர்வீஸுக்கு வண்டியை விட்டபோது கேபிளைத் திரும்ப மாட்ட மறந்து போனேன். வண்டியைப் பார்த்த மெக்கானிக்குக் கொருக்குப்பேட்டை வாசம். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்தைத் தொட்டவர். நிரந்தரமாகாத வேலை. ஹாரனையும் கதவையும் சரி செய்து கொடுத்தவர் அவர்தான் என்பதால் நல்ல பழக்கம். வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனவர் திரும்பி வந்து, யாரும் இல்லாத பக்கமாக என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சார், மீட்டர் கேபிள் அவுந்து தொங்கிகினு கீது?"

தானாகக் கழன்றிருக்கும் என்றேன். அவர் சிரித்தார். மேற்கொண்டு அதைப் பற்றிக் கேட்கவில்லை. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இஞ்சினிலிருந்து உருவி, இரண்டு விரலால் எண்ணெயைத் தேய்த்து என்னிடம் காட்டினார்.

"இஞ்சின் ஆயில் செத்துப் போச்சு சார். மீட்டர்ல போட்டுகீற மைலப் பாக்காதீங்க. இப்பவே மாத்திடுங்க."

இலவச சர்வீஸ் என்றால் கூலிதான் இலவசம். எண்ணெய்க்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும். ஆனால் நான் தயங்கியது காசுக்காக இல்லை. மீட்டர் காட்டிய கணக்கில், புத்தகப்படி எண்ணெய் மாற்ற இன்னும் மைல் பாக்கி இருந்தது. இப்போது மாற்றச் சொன்னால் கேபிளைக் கழற்றியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விறைப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சர்வீஸ் கார்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார். 'ஆயில் பார்க்கப்பட்டது, சரி' என்ற கட்டத்திலும் போட்டார். கேபிளைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. நான் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் எண்ணூரில் ஒரு ஞானஸ்நானத்துக்குக் குடும்பத்தோடு போனோம். போகிற வழியிலேயே இஞ்சினில் 'கடகட' என்று ஒரு சத்தம். அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் பெரிதாக ஒரு அடி கேட்டது. வண்டி நின்றுவிட்டது. பட்டுப் புடவையும் புதுச் சட்டையுமாகப் பன்னிரண்டு பேர் சாலையோரம் நின்றோம். ஒரு லாரிக்காரர் வண்டியைக் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து விட்டார். பிரித்துப் பார்த்தார்கள். பேரிங் தேய்ந்து, சேதம் கிராங்க் தண்டு வரை போய்விட்டது. எண்ணெய் தார் மாதிரி இருந்தது.

அண்ணன் உப்புக் காற்றில் சம்பாதித்த பணம். அன்று மாலையே தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். வண்டி ஓடிய மைல் மீட்டரில் இவ்வளவுதான். கடைசி சர்வீஸில் உங்கள் மெக்கானிக் எண்ணெயைச் சோதித்துச் 'சரி' என்று குறித்திருக்கிறார். ஒரு மாதத்தில் எண்ணெய் கெட்டு இஞ்சின் போயிருக்கிறது. ஆகவே அவர் சோதிக்காமலே குறித்திருக்க வேண்டும், முழுப் பொறுப்பும் கம்பெனியுடையது. இதை அழகான ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். அந்தக் கடிதத்தில் நான் குறிப்பிட்ட தகவல் எதையும் யாரும் பொய் என்று காட்ட முடியாது. நான் எழுதியதிலேயே நல்ல கடிதம் அதுதான் என்று அன்று நினைத்தேன்.

கடிதம் நன்றாகவே வேலை செய்தது. ஒரு வாரத்தில் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட மெக்கானிக்கை விசாரிக்கப் போகிறார்கள், குறை நிரூபணமானால் வேலையை விட்டு நீக்கிவிட்டு, இஞ்சினைக் கம்பெனி செலவில் மாற்றித் தருவார்கள், விசாரணைக்கு நானும் வர வேண்டும்.

பதில் வந்த மறுநாள் மதியம் அந்த மெக்கானிக் எங்கள் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், கேபிள் மேட்டர எழுதினா உங்க வாரண்டி அன்னைக்கே கேன்சல். புள்ள குட்டியோட இருக்கிற வூடாச்சேன்னு எழுதல. ஆயில் கெட்டுப் போச்சுன்னு எழுதினா ஏன்னு கேப்பாங்க, அப்பவும் கேபிள்ளதான் போய் நிக்கும். அத்தொட்டுதான் டிக்கு போட்டேன். எத்தினியோ பேருக்கு அப்டி வுட்டுகீறேன். இப்ப நான் வாயத் தொறந்தா, தப்பிக்கக் கத கட்றான்னுவாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

பார்க்கலாம் என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது. அவர் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் புது இஞ்சின் இல்லை, அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது, அந்த ஆளுக்கு வேறு ஷெட்டில் வேலை கிடைக்காமலா போகும் என்றெல்லாம் அடுக்கினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டுவிட்டு நிமிராமலே சொன்னாள்.

"அந்தாளு வேலைய எடுக்க ரெண்டு பக்கம் எழுதினீங்க இல்ல? குடுக்க எத்தினி பக்கம் ஆவும்?"

அன்று நான் எதிரே உட்கார்ந்திருந்தும் பிள்ளைகளிடம் சொல்லி எனக்குச் சாப்பாடு போட வைத்தாள்.

விசாரணை அன்றும் நான் முடிவு செய்துகொண்டு போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் மானேஜரின் அறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். மெக்கானிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். துவைத்த காக்கிச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மானேஜர் என் கடிதத்தை ஒவ்வொரு வாக்கியமாக உரக்கப் படித்தார். மெக்கானிக்குக்கு ஆங்கிலம் புரியாது. அவர் மானேஜரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, எந்த இடத்தில் தன் கழுத்து இருக்கிறது என்று கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தார். படித்து முடித்த மானேஜர் என்னிடம், எங்கள் ஆபீஸில் இப்படி எழுத ஒருவரும் இல்லை சார் என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கேபிளைக் கழற்றியது நான்தான், எண்ணெயை மாற்றச் சொல்லி இவர் சொன்னார், வேண்டாம் என்றதும் நான்தான் என்று சொல்லிவிட்டேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. மானேஜர் மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளி எழுதிக் கொடுக்கச் சொன்னார். மூன்று வரிதான் வந்தது. அதிலும் ஒரு எழுத்துப் பிழை.

வாரண்டி ரத்தானது. மெக்கானிக்கின் வேலை தப்பித்தது. ஆனால் கண்டதை மறைத்ததற்காக ஒரு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வெளியே வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சொன்னீங்களே, அது போதும் சார்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கும் யோக்கியதை இல்லை. அண்ணனுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். எந்தத் துறைமுகத்திலிருந்தோ வந்த பதிலில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மட்டும் விசாரித்திருந்தார். இஞ்சின் செலவுக்கு அண்ணி சொந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறும்போதெல்லாம் நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.

இஞ்சினைத் திரும்பக் கட்டியது அதே மெக்கானிக்தான். இரண்டு மாதம் ஆனது. ஒரு குறை இல்லாமல் கட்டினார். வண்டியை எடுக்கப் போன அன்று சர்வீஸ் கார்டை நீட்டினார். ஒரு கட்டம் பாக்கியில்லாமல் எழுதியிருந்தார். சீட்டில் கிழிசல், ஹாரன் பட்டனில் கீறல், மீட்டர் கேபிள் நட்டில் கழற்றிய தடம் என்று எல்லாம் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்ததாக ஒரு புதுக் கார் உள்ளே வந்தது. பின் சீட்டு நிறையப் பிள்ளைகள். மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கார்டில் ஏதோ எழுதினார். கார்க்காரர் பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாகக் கெஞ்சினார். அது கேபிளோ, வேறு எதுவோ, எனக்குத் தெரியாது. மெக்கானிக்கின் பதில் மட்டும் என் காதில் விழுந்தது.

"இல்ல சார். இப்பல்லாம் பாத்தத எழுதிடறது."

நியாயமாகப் பார்த்தால் அவர் செய்தது சரிதான். ஆனால் கண்டும் காணாததுபோல் நாலு பேருக்கு விட்டுக்கொடுத்த ஒரு மனிதரைக் கட்டம் விடாமல் எழுதுகிறவராக்கியது என் இரண்டு பக்கக் கடிதம் என்பதும், அன்று அந்தக் கார்க்காரர் தொங்கிய முகத்தோடு தன் பிள்ளைகளிடம் திரும்பிப் போனது என் பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் என்பதும் எனக்குத் தெரியும், அந்தக் கார்க்காரருக்குத் தெரியாது.