லிபரல் வீட்டுப் பாஸ்கல்

எதிராளியின் பத்திரிகையைத்தான் பாஸ்கல் மிராண்டா முதலில் கையில் எடுப்பார். மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசகசாலை பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டால், திரேஸ்புரம் கரையில் கிழிந்த வலையைப் பொத்துகிறவனுக்கும் அவர் குரல் கேட்கும். தமக்குக் கொஞ்சமும் பிடிக்காத தலையங்கத்தைக் கணீரென்று, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி வாசிப்பார். தமக்குப் பிடித்தது வந்தால் குரல் இறங்கிவிடும்.

"சத்தமா வாசிங்கய்யா. இதுல்லா நம்ம பேப்பரு" என்று கேட்கிற கூட்டத்தில் யாராவது குறைப்பட்டுக்கொண்டால், "நம்ம பேப்பரு என்ன சொல்லும்னு ஒனக்குத்தான் தெரியுமேலே. அவன் என்ன சொல்லுதான்னு மொதல்ல கேளு" என்பார். சாயங்காலம் நாலரை மணிக்கு வந்து உட்காரும் சங்கு குளிகாரர்களும் தோணிக்காரர்களும் இருபது வருஷமாக இப்படித்தான் உலக சமாசாரம் கேட்கிறார்கள். மனுஷன் எந்தக் கட்சி என்று இன்றுவரை ஒருவருக்கும் பிடிபடவில்லை. பிடிபடாததால் பெயர் வைக்காமல் விட்டார்களா என்றால், அதுதான் இல்லை.

ஆள் நெட்டை. ஒரு பித்தான் போன வெள்ளை டிரில் கோட்டு, கக்கத்தில் குடை. மாதா கோயில் காலைப் பூசை தவறாது. பூசை முடிந்து நேரே, சங்குகளைச் சேர்த்து வைக்கிற சர்க்கார் கிட்டங்கிக்குப் போவார். அங்கே குமாஸ்தா வேலை. குளிகாரர்கள் கடலில் மூழ்கி எடுத்த சங்குகளை ஓட்டை போட்ட ஒரு மரப்பலகையில் வைத்து அளப்பார்கள். ஓட்டை வழியாக விழுந்துவிட்டால் சங்கு சிறிசு, சர்க்கார் ஏற்காது. மற்ற குமாஸ்தாக்கள் விருட்டென்று போட்டு, "விழுந்துட்டு, தள்ளு" என்பார்கள். பாஸ்கல் பலகையைக் குளிகாரன் பக்கமே நகர்த்தி வைத்து, "நீயே போட்டுப் பாருலே" என்பார். அவன் நேராகப் போட்டுப் பார்ப்பான், சாய்த்துப் போட்டுப் பார்ப்பான், சாமியை வேண்டிக்கொண்டும் போட்டுப் பார்ப்பான். இவர் காத்திருப்பார். கிட்டங்கி வேலை இவரால் தாமதமாகிறது என்று மேலதிகாரிகள் நாலைந்து தடவை எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

பெயர் வந்த கதை இருபத்தாறாம் வருஷத்துக் கதை. மூத்த மகள் மெட்டில்டாவை அவர் நாசரேத்தில் பிராட்டஸ்டண்டு மிஷன் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். கத்தோலிக்கர் வாயில் அது 'பதிதர் பள்ளிக்கூடம்', வேதம் புரண்டவர்கள் பள்ளிக்கூடம். அந்த ஞாயிற்றுக்கிழமையே சாமியார் பிரசங்கத்தில், "நம் மந்தைக்குள்ளும் ஒரு லிபரல் புகுந்திருக்கிறார்" என்றார். லிபரல் என்றால் என்னவென்று கோயிலில் இருந்த முந்நூறு பேருக்கும் தெரியாது. சாமியார் சொன்ன தொனியை வைத்து ஏதோ ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று புரிந்துகொண்டார்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவும் மறந்துபோயிற்று. பர்னாந்து, கொரேரா, மச்சாது என்று பறங்கிப் பெயர்கள் புழங்குகிற கரை அல்லவா, லிபரலும் அப்படி ஒரு குடும்பப் பெயர்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். "லிபரல் வீடா? அந்தா, முருங்கை நிக்கிதுல்லா, அதான்" என்று மீன்காரிகள் வழி காட்டுவார்கள்.

காலரா வந்த வருஷம் ஊசிக்குப் பயந்து ஆட்கள் கடலுக்குள் தோணியைத் தள்ளிக்கொண்டு ஓடியபோது, பாஸ்கல் எல்லோர் முன்னாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த வெள்ளைக்காரத் துரை அவர் தோளில் தட்டி, 'புரோகிரசிவ்' ஆசாமி என்றார். வீட்டுக்கு வந்து மனைவி ஞானசௌந்தரியிடம், "நேத்து வரைக்கும் லிபரலு. இன்னைக்கு இது புதுசு" என்றாராம். ஊசி போட்ட கை மட்டும் மூன்று நாள் வீங்கிக் கிடந்தது.

அப்புறம் காங்கிரஸ் பையன்கள் தலையெடுத்தார்கள். அவர்கள் அகராதியில் லிபரல் என்றால் மிதவாதி. மிதவாதி என்றால் வெள்ளைக்காரன் வால். பையன்களுக்குத் தலைவன் நயினார். ஏரல் பக்கத்திலிருந்து வந்து பஜாரில் கடை போட்டவன், துடியான ஆள். நாற்பத்திரண்டு ஆகஸ்டில் பாஸ்கல் வாசகசாலையில் சர்க்கார் அறிக்கையையும் வாசித்தார், காங்கிரஸ் தீர்மானத்தையும் வாசித்தார். அறிக்கையை வாசித்ததற்கு நயினார் ஆட்கள் கல்லெறிந்தார்கள். தீர்மானத்தை வாசித்ததற்குப் போலீஸ்காரன் பிடித்துக்கொண்டு போனான். லாக்கப்பில் பார்த்தால் மூலையில் நயினார் உட்கார்ந்திருக்கிறான்.

"அண்ணாச்சி, நீங்க எப்படி உள்ள வந்தீய?"

"நீங்க சொன்னத வாசிச்சேன்னு இவன் புடிச்சிட்டான் தம்பி. இவன் சொன்னத வாசிச்சேன்னுதான் நீங்க மண்டைய ஒடைச்சீய."

நயினார் முதலில் சிரித்தான். பிறகு தன் மேல்துண்டைக் கிழித்து அவர் தலையில் கட்டுப் போட்டான். இரண்டு நாள் இருவரும் ஒரே தட்டில் சோறு தின்றார்கள். அந்தச் சிநேகம் இன்றும் இருக்கிறது.

மகன் ஹென்றி துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம். அவன் கொண்டுவந்த வார்த்தை முற்போக்கு. ஒருநாள் வாசகசாலைக்கே வந்து, அத்தனை பேர் முன்னாலும், "ரெண்டு பக்கத்தையும் வாசிக்கது பிற்போக்குப்பா. முற்போக்குன்னா ஒரு பக்கமா நிக்கணும். கூலிக்காரன் பக்கம் நிக்கணும். நீங்க நடுவுல நின்னு யாருக்கு என்ன லாவம்?" என்று கேட்டான். பாஸ்கல் கண்ணாடியைக் கழற்றி, மகன் பேசி முடிக்கிறவரை காத்திருந்து, "வேற யாரும் பேசுதியளா?" என்று கேட்டார். வீட்டில் ஞானசௌந்தரி அழுதபோது, "எதுக்குளா அழுத? நல்லாப் பேசுனான். திக்காமப் பேசுனான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் பிற்போக்கு என்ற அந்த ஒரு சொல் அவருக்கு வலித்தது. சாமியார் சொன்னதும் துரை சொன்னதும் தோலோடு போயின. இது பெற்ற பிள்ளை சொன்னது.

சுதந்திரம் வந்தது. அடுத்த வருஷமே சர்க்கார் செங்கொடிக் கட்சியைத் தடை செய்து, அதில் இருந்த ஹென்றியையும் பிடித்து வடக்கே ஒரு சிறையில் போட்டது. ஒன்றரை வருஷம் ஆகிறது, பிள்ளை இன்னும் வீடு வந்து சேரவில்லை. முற்போக்கு என்ற சொல்லை வாசகசாலையில் அக்கம்பக்கம் பார்த்துச் சொல்லும் காலம் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு ஒரு காலையில், பஜாரில் நயினார் கடை மாடியில் புதுப் பலகை தொங்கியது: 'முற்போக்கு வியாபாரிகள் சங்கம்'. பாஸ்கல் குடையை மடக்கிக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். சிரிக்கத்தான் வேண்டும், அவரால் முடியவில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன பிள்ளை உள்ளே இருக்கிறான்.

விடுதலையாகி வந்த ஒருவன் மூலம் செய்தி வந்தது, ஹென்றி இருமும்போது ரத்தம் வருகிறது என்று. செய்தி கேட்ட மறுநாளே நயினார் வீடு தேடி வந்தான். இப்போது அவன் சொல்லுக்கு மந்திரி வரைக்கும் செல்வாக்கு உண்டு. கையில் தட்டெழுத்தில் அடித்த ஒரு காகிதம். தன் மகன் கட்சியை விட்டு அறவே விலகிவிட்டான் என்று தகப்பனார் உறுதி சொல்லும் காகிதம்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி. எட்டு நாள்ல தம்பி வீட்டுல இருப்பான். நீங்க லிபரல்னு அங்கன எல்லாருக்கும் தெரியும். இப்ப அது மரியாதையான பேரு. ஒங்க கையெழுத்துன்னா நம்புவாங்க."

"வெலகிட்டேன்னு அவன் சொன்னானா தம்பி?"

"அவன் என்ன சொல்லுதது? உசிரு பொழைக்கட்டும் மொதல்ல."

"அவன் சொல்லாத வார்த்தைய நான் எப்படி எழுத?"

நயினார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கோபித்துக்கொண்டான், கண்ணீரும் விட்டான். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. ஞானசௌந்தரி சோற்றை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். நாலாம் நாள் அவளால் தாங்க முடியவில்லை.

"பதிதர் பள்ளிக்கூடத்துக்கு மவள அனுப்புனீய. கோயில்ல எவளும் என் பக்கத்துல முழங்கால் போடல. ஒரு வருசம் தனியா முழங்கால் போட்டேன். ஒங்கள ஒரு வார்த்தை கேட்டனா? ஒங்க பக்கந்தான் நின்னேன். இந்த ஒரு தடவை எம் பக்கம் நில்லுங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அது பாஸ்கலுக்குத் தெரிந்தும் இருந்தது. எழுதுகோலை எடுத்து அந்தக் காகிதத்தின்மேல் கொண்டுபோனார். கை அதற்கு மேல் போகவில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவள் அவள்தான். "சரி, நீங்க போட வேண்டாம். ஹென்றி பேருல எழுதித் தர நயினார்ட்ட சொல்லுதேன். கொண்டுபோய்க் குடுங்க. ஒண்ணும் பேசக்கூட வேண்டாம். அவம் முன்னால போய் நின்னாப் போதும். ஒங்க மொகத்தப் பாத்தா போட்டுருவான். சின்னப் பிள்ளையிலிருந்தே அவன் அப்படித்தான், ஒங்க மொகம் வாடுனாத் தாங்க மாட்டான்."

நயினார் வேறு காகிதம் அடித்துக் கொடுத்தான். ஞானசௌந்தரி கருப்பட்டியும் கருவாடும் கட்டி, ரயிலடி வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள். திரும்பி வந்ததும், "அவன் போடல" என்று மட்டும் பாஸ்கல் சொன்னார். அங்கே நடந்ததை அவளிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறார்.

அன்றைக்குச் சிறையில் நடுவே இரண்டு கம்பிவலை, பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு சி.ஐ.டி. ஹென்றியைத் தூக்கிப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்தார்கள். கழுத்தெலும்பு இரண்டும் புடைத்துத் தெரிந்தன. பாஸ்கல் காகிதத்தை வார்டரிடம் கொடுத்தார். வார்டர் அதை அந்தப் பக்கம் கொடுத்தான். ஹென்றி அதை மெல்ல வாசித்தான். நடுவில் இருமல் வந்து, துணியை வாயில் வைத்துக்கொண்டு, மறுபடி விட்ட இடத்திலிருந்து வாசித்தான். முடித்துவிட்டுக் காகிதத்தைத் தாழ்த்தினான்.

"நீங்க என்னப்பா சொல்லுதீய?"

சங்கத்தில் சேர்ந்த பிறகு இந்த ஆறு வருஷத்தில் அவன் அவரிடம் கேட்ட முதல் யோசனை அது. போடுலே, போட்டுட்டு வீட்டுக்கு வந்துரு, ஒங்கம்மா காத்துக்கிட்டிருக்கா என்று அவருக்கு நாக்குவரை வந்துவிட்டது. நாக்கை அடக்கிவிட்டார். முகத்தைத்தான் அடக்க முடியவில்லை. உதடு கோணுவதும் கண் நிறைவதும் அவருக்கே தெரிந்தது. மகன் வலைக்கு அருகே வந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனாவுக்காக அவன் கை வார்டர் பக்கம் நீளத் தொடங்கியது.

"அது ஒன் காரியம்லே" என்றார் பாஸ்கல்.

பிறகு மெதுவாகத் திரும்பி, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"அப்பா" என்றான் ஹென்றி பின்னாலிருந்து. "அப்பா, இங்கன பாருங்க."

சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். திரும்பவில்லை.