எலும்புப் பொடியும் தொண்ணூறு தப்படியும்

ஜெலட்டின் கட்டிகளைச் சுடுவதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆயுதச் சோதனைக் கூடத்தில் வேலை. மாட்டின் எலும்பிலும் தோலிலும் எடுத்த பொடியில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துக் கரைத்து, உறையவைத்து, குளிர்பெட்டியில் வைத்தால் அது ஏறக்குறைய மனிதத் தொடை மாதிரி நடந்துகொள்ளும். குண்டு எவ்வளவு ஆழம் போயிற்று என்று அளந்து, மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போடுவேன். ஓய்வு பெற்ற பிறகு ஸ்ரீரங்கத்தில் காலையில் உத்தர வீதியைச் சுற்றுவதும், மருந்துக் கடை பில்லில் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கே.கே. நகர் வக்கீல் ஒருவர் வந்தார். அவருடைய கட்சிக்காரர் லால்குடிப் பக்கத்து விவசாயி. நெல் வயலில் இறங்கும் கிளிகளை விரட்ட ஏர்கன் வைத்திருக்கிறார். அதிலிருந்து பாய்ந்த ஈயக் குண்டு அடுத்த வயல்காரரின் கெண்டைக்காலில் நாலரை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடந்தது. வரப்பில் பத்துத் தப்படி தள்ளி நின்று, வேண்டுமென்றே காலைக் குறிவைத்தார் என்பது அடிபட்டவரின் புகார். தொண்ணூறு தப்படி தள்ளி என் மோட்டார் கொட்டகையிலிருந்து கிளியைச் சுட்டேன், ஆள் நின்றதே தெரியாது என்பது இவருடைய வாக்குமூலம். தொண்ணூறு என்றால் கவனக்குறைவு, அபராதத்தோடு போகும். பத்து என்றால் ஜெயில்.

“ஆழத்தை வச்சு தூரத்தைச் சொல்ல முடியுமா சார்?” என்றார் வக்கீல்.

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. முடியுமாவா? எந்தப் பொடி, எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். காபி ஆறியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

என் மனைவி கவனித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் போனதும் வந்தாள். “ஏன்னா, சர்வீஸ்ல இருந்தப்போ வெளியில என்ன பண்ணேளோ, நான் கேட்டேனா? என் தளிகை உள்ளுல மாட்டெலும்பு வரப்படாது.” பிறகு கொஞ்சம் இளகி, கடல்பாசியும் அப்படித்தானே உறையும், அதில் பண்ணிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள்.

கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஜெலட்டின் இழுபடும், கடல்பாசி பொலபொலவென்று உதிரும். ஆனாலும் ஒத்திகைதானே என்று எனக்கு நானே அனுமதி வழங்கிக்கொண்டேன். பணியில் இருந்தபோது இப்படி அனுமதி வழங்கியவர்கள் எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். அவளே கிளறிக் கொடுத்தாள். ஏலக்காய் போடவா என்றுகூடக் கேட்டாள்.

அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில், வாய்க்கால் மேட்டுக்கு முன்னால் கட்டியை வைத்தோம். குண்டு தப்பினாலும் மண்ணில் புதையும். அதே மாடல் ஏர்கன் ஒன்றை வக்கீல் வாங்கி வந்திருந்தார். விவசாயி ஐம்பது வயது தாண்டியவர், ஒல்லி, அதிகம் பேசாதவர். நான் தப்படி எண்ணும்போது கூடவே உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு வந்தார். தொண்ணூறில் நின்று சுட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆழம் நாலு சென்டிமீட்டருக்கு மேல். நான் ஒரு குதி குதித்தேன். எலும்பு மருத்துவர் பார்த்திருந்தால் வைதிருப்பார். விவசாயி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார் என்றார் வக்கீல்.

எழுதியும் இருப்பேன். ஆனால் அறிக்கைப் படிவத்தில் முதல் கட்டம் குறுக்கே நின்றது. சோதனைக்கு முன் கட்டி சரியானதுதானா என்று பார்க்க, குறிப்பிட்ட வேகத்தில் ஓர் எஃகு ரவையைச் சுட வேண்டும். எட்டரை சென்டிமீட்டர் போனால் கட்டி சதைக்குச் சமம். ஒரு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். உற்சாகத்தில் அதை மறந்திருந்தேன். இரவல் வாங்கிய வேகமானியை வைத்துச் சுட்டேன். ரவை முழுக் கட்டியையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய் மண்ணில் விழுந்தது. அதாவது நாங்கள் சுட்டது கெண்டைக்காலை அல்ல, பலகாரத்தை.

“இதை யாரு கேக்கப் போறாங்க சார்?” என்றார் வக்கீல்.

“நான் கேப்பேன்” என்றேன்.

ஆகவே கேக் சாமான் கடையில் ஜெலட்டின் வாங்கி, வக்கீல் வீட்டில் கரைத்தோம். கொதிக்கவிட்டால் வலு போய்விடும் என்பதால் அடுப்பருகிலேயே தெர்மாமீட்டரோடு நின்றேன். அவர் மனைவிக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஃப்ரிட்ஜில் வஞ்சிர மீனை ஒதுக்கி இடம் விட்டார். இரண்டு நாளில் நான் பதினொரு தடவை போன் செய்து நாலு டிகிரி இருக்கிறதா என்று கேட்டேன். “நல்லா தூங்குதுங்க சார், நீங்களும் தூங்குங்க” என்றார் அந்த அம்மா கடைசியில்.

ஐஸ் நிரப்பிய மீன் பெட்டியில் வைத்துக் கொள்ளிடம் பாலம் தாண்டிக் கொண்டுபோனோம். வெயிலில் அரை மணி நேரத்துக்குமேல் கட்டி தாங்காது. அடிபட்ட அண்டை வயல்காரர் தன் கொட்டகை வாசலில் கட்டுப்போட்ட காலை நீட்டி, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை முதலில் எஃகு ரவை. எட்டு புள்ளி ஏழு. ஆஹா. கட்டியின் மேல், மனிதத் தோலுக்குப் பதிலாக, மெல்லிய பதனிட்ட தோலைப் போர்த்தினேன். தொண்ணூறு தப்படியில் மூன்று குண்டு. இரண்டு தோலில் பட்டுக் கீழே விழுந்தன. ஒன்று அதில் சொருகி நின்றது. அறுபதில் அரை சென்டிமீட்டர். நெருங்க நெருங்க ஆழம் ஏறியது, ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை. பத்தில் நாலு புள்ளி மூன்று. இத்தனை அழகான வரிசையைச் சோதனைக் கூடத்தில்கூட நான் பார்த்ததில்லை. அளவுகோலை உயர்த்திப் பிடித்து, “பாத்தீங்களா? எவ்வளவு கச்சிதம்!” என்று திரும்பினேன்.

வக்கீல் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விவசாயி கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஜெயிலுக்கு அனுப்பும் எண்ணை அவரிடமே நீட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதைத் தாக்கல் செய்யவேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை, சோதனையே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்று வக்கீல் மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். விவசாயி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“பத்து இல்லீங்க ஐயா” என்றார் என்னிடம். “எட்டு.”

அன்று தண்ணீர் முறை அவருடையதாம். மடையை அண்டை வயல்காரர் மறித்துக்கொண்டு சிரித்தாராம். கையில் ஏர்கன் இருந்ததாம். அவ்வளவுதான் சொன்னார்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணிக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது. எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். அவரே கட்டியிலிருந்து எட்டு எண்ணி நடந்து, குதிகாலால் மண்ணில் கோடு கிழித்தார். சுட்டேன். நாலு புள்ளி ஐந்து. அவரிடம் காட்டினேன். கணக்கு வாத்தியாரிடம் விடைத்தாளை வாங்கியவர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அண்டைக் கொட்டகையைப் பார்த்து நடந்தார். “எதுவும் ஒத்துக்காதீங்க, நான் வந்து பேசுறேன்” என்று வக்கீல் பின்னால் இரண்டு தப்படி ஓடி நின்றுவிட்டார். அங்கே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அண்டை வயல்காரரின் ஏச்சு மட்டும் காற்றில் துண்டு துண்டாக வந்தது. இவருடைய தாய் தந்தையர், பரம்பரை, கிளி எல்லாவற்றையும் இழுத்து நீளமாகத் திட்டினார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கட்டி ஒழுக ஆரம்பித்தது. நான் எடுத்துவைக்கவில்லை.

வெகு நேரம் கழித்து ஏச்சு ஓய்ந்தது. அண்டை வயல்காரர் கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார். கட்டிலில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் கிடைத்தது. இவர் உடனே உட்காரவில்லை. மடைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டார். அவர் ஏதோ சொன்னார். பிறகுதான் உட்கார்ந்தார்.

“ராஜி மனு எழுதணும்” என்றார் வக்கீல், பேனாவைத் தேடிக்கொண்டே.