வெட்டாத சரிவு

மலாயாவில் ரெங்கத்துக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் புல்வெட்டைக் கவனித்து அறிக்கை எழுதும் கிராணியாக இருந்தேன். மரங்களுக்கிடையே ஒரு புல்கூடத் தெரியக்கூடாது என்பது அந்நாளைய தோட்டங்களின் சட்டம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மோட்டார் சைக்கிளில் சுற்றி வருவார். பச்சையாக ஏதாவது கண்ணில் பட்டால் கிராணிக்கு வேலை போகும். எனக்கு முன் இருந்தவருக்கு அப்படித்தான் போயிற்று.

அந்த ஆண்டு தொழிலாளர் குடியிருந்த லயங்களில் காய்ச்சல். புல்வெட்ட வந்தவர்கள் பாதிப்பேர். எல்லாக் கிராணிகளும் செய்வதையே நானும் செய்தேன்: இருந்த ஆட்களைச் சாலையோர மர நிரைகளுக்கு அனுப்பிவிட்டு, மோட்டார் சைக்கிள் ஏறாத பின்சரிவுக்கும் 'வெட்டியாயிற்று' என்று அறிக்கை எழுதினேன். ஐந்து மாதம் அப்படியே ஓடியது.

பிறகு பெருமழை பிடித்தது. மழை விட்ட மறுநாள் காலை, சரிவு ஒவ்வொன்றையும் நடந்தே பார்க்கப்போவதாகத் துரை சொன்னார்.

"பெட்டியக் கட்டிட்டீங்களா, கிராணி ஐயா?" என்றார் என்னோடு நடந்த, ஆட்களை வைத்துப் புல்வெட்டும் கங்காணி. "பெரிய குடையை மட்டும் எனக்கு விட்டுட்டுப் போங்க."

சாலையோரத்து முதல் மூன்று சரிவுகளும் சிரைத்ததுபோல் சுத்தமானவை. மழையோடு மண் போய்விட்டிருந்தது. வேர்கள் வெளியே கிடந்தன. கால்வாயில் சிவப்பு நீர்.

பின்சரிவில் முழங்கால் உயரப் பச்சை. அன்றுதான் அதை நின்று பார்த்தேன். நிழல் அடர்ந்த இடத்தில் பெரணி. கிளை ஒடிந்து வெயில் விழுந்த வட்டத்தில் மட்டும் தொட்டாற்சிணுங்கி. ஒரு கொடியின் இலைகளைப் புழு அரித்திருந்த இடத்தில் இன்னொரு கொடி தழைத்திருந்தது. துரை ஒரு பிடி பிடுங்கினார். ஒரு செடியின் வேர் விரல்நீளம். பக்கத்துச் செடியின் வேர் முழ ஆழம். எதுவும் எதையும் முழுக்கத் துரத்தியிருக்கவில்லை. மண் அப்படியே இருந்தது.

"வெட்டியாச்சுன்னு எழுதினது நீதானே?" என்று தோட்டத் தமிழில் கேட்டார்.

"பொய் எழுதினேன், துரை. ஆள் இல்லை."

அவர் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "இனிமே பொய் எழுதாதே. இந்தச் சரிவைத் தொடாதே. லாலாங் புல் மட்டும் பிடுங்கு. அது ஒண்ணுதான் மத்ததை வாழ விடாது."

அவர் போனதும் கங்காணி தலையில் கை வைத்தார். "அலமாக்! வெட்டின எனக்கு ஒரு நல்ல வார்த்தை இல்ல. வெட்டாத உங்களுக்கு வேலை மிச்சம்."

ஈரப் பெரணியின் மேலேயே உட்கார்ந்தேன்.

"அட்டை ஏறும், ஐயா."

"ஏறட்டும்" என்றேன்.