எழுப்பிவிட்ட மஞ்சள்

மணற்கல் கையில் கிடைத்தால் கர்லிகாஷ் முதலில் நகத்தால் சுரண்டுவார். பிறகு கோட்டுப் பையிலிருந்து சொட்டுக்குப்பி வெளியே வரும். ஒரு சொட்டு ஆசிட். கல் நுரைத்தால், "குடிகாரப் பய!" என்பார். சுண்ணாம்பு கலந்த கல் ஆசிட்டைத் தானே குடித்துத் தீர்த்துவிடும். யுரேனியத்துக்கு மிச்சம் வைக்காது. பல வருடப் பழக்கம். ஆசிட் பட்டுப் பட்டு அந்தப் பையே பொத்தல். சாவியும் மிட்டாயும் அதன் வழியே விழும். கோட்டை மட்டும் மாற்றமாட்டார்.

சூசாக் மணல்வெளியில் யாரும் சுரங்கம் தோண்டுவதில்லை. குழாய் இறக்கி, ஆசிட் அனுப்பி, பூமிக்குள்ளேயே யுரேனியத்தைக் கரைத்து உறிஞ்சுகிறார்கள். அங்கே ரசாயன நிபுணர் இந்த அம்மாள். எடுக்க வேண்டியதை எடுக்கும்வரை ஓயாத பம்புகள், கெட்ட நீரை இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்ததும் நின்றுவிட்டன. செலவாகிறதாம்!

மேலாளர் எர்முகான் மேய்ப்பர்களைக் கூட்டிச் சொன்னார்: "பயப்படாதீங்க. மிச்சமிருக்கிறது கறுப்பு யுரேனியம். தண்ணியில கரையாது. தூங்குது."

கர்லிகாஷ் நாற்காலி சரிய எழுந்தார்.

"தூங்கிட்டுத்தான் இருந்துச்சு, தம்பி! எழுப்பினது யாரு? கறுப்பா இருந்தவரைக்கும் மணலோட கிடந்துச்சு. நாமதான் மருந்து ஊத்தி மஞ்சளாக்கினோம். இப்ப தண்ணி போற பக்கமெல்லாம் கூடவே நடக்குது."

"தானாவே திரும்பக் கறுப்பாயிடும், அக்கா. காலம் ஆகும், அவ்வளவுதான்."

"எத்தனை காலம்? அதுவரைக்கும் தாகத்தை அடக்கிக்கச் சொல்லி ஆடுங்ககிட்ட நீயே பேசு. உன் பேச்சை அதுங்களாவது கேக்குதான்னு பாப்போம்!"

பின்வரிசை வெடித்துச் சிரித்தது. பம்பு மட்டும் ஓடவில்லை.

சிரிக்காதவர் மேய்ப்பர் தோலெபெர்கன். தண்ணீர் நகரும் திசையில் இருப்பது அவர் கிணறு. முதல் குழாய் இறங்கிய வருடம், அவர் வீட்டு ரொட்டியைப் பிய்த்தபடி, "தண்ணியை இருந்தபடியே விட்டுட்டுப் போவோம்" என்று வாக்குக் கொடுத்தவர் கர்லிகாஷ்தான்.

கூட்டத்துக்குப் பிறகு, போன வாரம், அந்தக் கிணற்று நீரைச் சோதித்துவிட்டு கர்லிகாஷ் அவர் வீட்டுக்குப் போனார். வாசலில் கொழுத்த ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. நல்ல சேதி கொண்டுவருபவர் "சூயின்ஷி!" என்று கூவினால் பரிசு தருவது அங்கே வழக்கம்.

"என்ன தங்கச்சி, தொண்டை கட்டிக்கிச்சா? கூவு!" என்றார் தோலெபெர்கன்.

"ஆடுங்களை இந்தத் தண்ணிக்கு விடாதீங்கண்ணே. குடுத்த வாக்கு இன்னும் பாக்கிதான்."

கர்லிகாஷ் குனிந்தார். கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, குட்டியைத் தாயின் பக்கம் தட்டிவிட்டார்.