வண்டிப் பேட்டையில் அக்கா வளர்த்த நிழல்

கதிர்காமத்தானை மனத்தில் நினைத்துக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை அழுதுகொண்டு வாசிக்க வேண்டாம். தம் ஆப்பக்கடை வாசலில் யாராவது மூக்கைச் சிந்தினால் அக்காவுக்கு ஆகாது. "அழுவுறதுன்னா ஓரமா போய் அழுதுட்டு வா, ஆப்பம் ஆறுது" என்பார். அவருடைய சுபாவம் தெரிந்தவர்கள் இந்த வரியைப் படிக்கும்போதே சிரித்திருப்பீர்கள். அதுவே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

அக்கா பிறந்தது திருச்சிச் சீமையில் ஒரு சிற்றூரில். மழை பொய்த்த வருஷத்தில் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த ஒரு கங்காணியின் பின்னால் இலங்கையின் கண்டிச் சீமைக்குப் புறப்பட்டார்கள். அக்கா அப்போது விவரம் தெரிந்த சிறுமி. நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். தோணியில் கடலைத் தாண்டிய பிறகு காட்டு வழியே நாள்கணக்காக நடை. அந்த நடையை அக்கா மரங்களைக் கொண்டே நினைவில் வைத்திருந்தார். மரம் வந்தால் சனங்கள் உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், மறுபடி எழுந்து நடந்தார்கள். மரமே இல்லாத ஒரு வெட்டவெளியில் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. உச்சி வெயில். அக்கா முன்னால் ஓடிப்போய் ஒரு புளியமரத்தைக் கண்டுபிடித்து, "அம்மா, இங்க வா, இங்க நெழல் இருக்கு!" என்று கூவினாராம். நான் பிறந்தது அந்தப் புளியமரத்தின் அடியில்.

அதற்காக நான் ஆயுள் முழுக்க அனுபவித்தேன். கோட்டும் தலைப்பாகையுமாக நமுனுகுலத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஆன பிறகும், கோபம் வந்தால் அக்கா நாலு பேர் நடுவில் "டேய் மரத்தடியான்!" என்றே கூப்பிடுவார். கங்காணிமார் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

நமுனுகுலத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். அப்பாவும் அம்மாவும் அங்கே கூலிகளுக்குக் கட்டிய லயத்திலேயே கண்ணை மூடினார்கள். அக்கா விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்து, கொழுந்து பறித்து, என்னைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். எனக்கு நாலெழுத்து தெரிகிறதென்றால் அது அக்கா போட்ட பிச்சை. பிறகு எங்கள் மச்சானைக் கைப்பிடித்தார். மச்சான் அதே தோட்டத்தில் களைவெட்டுக் கங்காணி. கலியாணமாகிச் சில வருஷத்தில் அக்கா மலைச்சரிவில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். ஒட்டிய கால் மலை ஏற மறுத்துவிட்டது. குழந்தைப் பாக்கியமும் இல்லை. வேறொருத்தராக இருந்தால் லயத்து மூலையில் சுருண்டு படுத்திருப்பார். அக்கா ஆப்பச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பதுளை டவுனுக்கு இறங்கி, வண்டிப் பேட்டை ஓரத்தில் கடை போட்டார். மச்சான் தோட்டத்திலேயே இருந்துகொண்டு லீவு நாளில் வந்து போனார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பேட்டை எப்படி இருந்தது என்று தெரியாது. அப்போது ரயில் பதுளைக்கு வரவில்லை. தேயிலைப் பெட்டி போவதும் அரிசி மூட்டை வருவதும் மாட்டு வண்டியில்தான். வண்டிகள் அவிழ்த்துக் கிடந்த அந்த மேடு ஒரு காலத்தில் காடாம். கோப்பிச் செடி போட வெட்டினார்கள், கோப்பி நோயில் செத்தது, மிஞ்சிய கட்டைகளை அடுப்புக்குத் தோண்டிக்கொண்டு போனார்கள். மொட்டைத் தலைபோல் கிடந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மண்ணை வாரி இறைக்கும். ஆப்பத்தில் மண், தண்ணீரில் மண், கண்ணில் மண். மாடுகள் நுரை தள்ளி வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்ளும். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளைத் தூக்கிவரும் பெண்கள் முந்தானையை விரித்து அந்த நிழலில் பிள்ளையைக் கிடத்துவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு மனசு பொறுக்கவில்லை. "டவுனு டவுனுங்கறீங்க, ஒரு பொம்பள உக்கார எடமில்ல. இது என்னா டவுனு?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், டவுனை நான் கட்டியது மாதிரி!

யாருக்கும் வேண்டாத அந்த மேட்டில் அக்கா கன்று நட்டார். புங்கை, நாவல், மருது, பலா, தூங்குமூஞ்சி என்று கிடைத்ததையெல்லாம் நட்டார். தண்ணீருக்கு ஒரு சட்டம் வைத்தார். வண்டிக்காரர் வந்ததும் முதலில் மாட்டுக்குத் தண்ணீர், அடுத்து ஒரு கன்றுக்குத் தண்ணீர், அப்புறம்தான் அவருக்கு ஆப்பம். ஊற்றாமல் வந்து குந்தியவருக்கு ஆப்பம் கிடையாது, அவர் எந்தக் கொம்பனாக இருந்தாலும். நெடுங்காலம் வண்டி ஓட்டிய மாயழகு அண்ணன் இன்றும் வீட்டில் சாப்பிட உட்காருமுன் ஒரு செம்பு தண்ணீரை எங்கேயாவது ஊற்றிவிட்டுத்தான் உட்காருகிறார். பழக்கம் விடவில்லை என்கிறார்.

கன்றுகள் முழங்கால் உயரம் வந்த சமயத்தில் நடந்ததை எழுதாவிட்டால் மச்சானே என்னை மன்னிக்கமாட்டார். ஏனென்றால் இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிபவர் அவர்தான். தோட்டத்தில் களைவெட்டு என்றால் சாமி காரியம் மாதிரி. தேயிலைச் செடி தவிர ஒரு புல் நுனி தலை காட்டக்கூடாது. மச்சானுடைய மலையில் ஊசி விழுந்தால் எடுக்கலாம். கால் முடியாத பெண்சாதிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஒரு லீவு நாள் அவர் தம் களைவெட்டு ஆட்களோடு இறங்கி வந்தார். அக்கா சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் மேடு வழித்துவிட்ட மாதிரிப் பளபளவென்று இருக்கிறது. களை வழிக்கும் சுரண்டியைத் தோளில் சாய்த்தபடி மச்சான் பெருமையோடு நிற்கிறார்.

"பாத்தியா புள்ள, ஒரு புல்லு இருக்கா சொல்லு!"

அக்கா மேட்டைப் பார்த்தார். ஓரத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்த கன்றுகளைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, எம்புட்டு புள்ளைங்களை வழிச்சுப் போட்டிருக்கீங்க தெரியுமா?"

மச்சானுடைய முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்தது, சிரிப்பும் வந்தது, எது எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று மச்சானுக்கு ஆப்பம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவு நாளும் அவர் நமுனுகுலக் காட்டிலிருந்து கூடையில் கன்று சுமந்து, மலை இறங்கி வந்து, தம் கையாலேயே நட்டார். இன்று பேட்டையில் வானம் மறைக்க நிற்கும் நாவல் மரங்கள் எல்லாம் மச்சானுடைய தோள் சுமந்தவை.

மரம் தலைக்கு மேல் வந்ததும் டவுனே வேறாகிவிட்டது. கச்சான் வந்தால் மண்ணை மரங்கள் வாங்கிக்கொண்டன. கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை அக்கா அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவார். "தங்கச்சி, ஒங்கட மரம் வந்ததால எங்கட வெள்ளைத் துணியெல்லாம் வெள்ளையாவே ஈக்கிது!" என்று அவர் வந்து சொன்னார். கோடையில் அடி தெரிந்த பேட்டைக் கிணற்றில் வாளி முங்கியது. மாடுகள் மத்தியானத்தில் படுத்து அசைபோட்டு, மாலையில் தெம்பாக மலை ஏறின. கிளிகளும் மைனாக்களும் வந்து குடியேறின. ஆஸ்பத்திரிக்கு வந்த தாய்மார், சந்தைக்கு வந்த சிங்களப் பெண்கள், நானா கடைச் சிப்பந்திகள், லுணுகலைப் பக்கத்து வண்டிக்காரர்கள் என்று எல்லாரும் ஒரே நிழலில் காலை நீட்டினார்கள். நடுவில் அக்கா ஆப்பம் ஊற்றிக்கொண்டே எல்லாரையும் ஏசிக்கொண்டிருப்பார். அவர் எனக்கு மட்டும் அக்கா என்று நினைத்திருந்தேன். அங்கே பார்த்தால் நரைத்த கிழவர்கூட "அக்கா, இன்னொண்ணு" என்கிறார்.

இப்படி இருக்கையில் டவுன் வேலைகளை மேற்பார்க்கப் புதிதாக ஓர் ஓவசியர் வந்தார். மரத்தடி ஈரத்திலும் இலைக்குப்பையிலும்தான் காய்ச்சல் பிறக்கிறது, எல்லாவற்றையும் வெட்டி இடத்தைச் சுத்தம் பண்ண வேண்டும் என்றார். அடுத்த வாரம் கோடாலிக்காரர் வருவார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். செய்தி கேட்டு நான் தோட்டத்திலிருந்து ஓடிவந்தேன். அக்கா அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அடுப்பு அணைந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பகீரென்றது.

மாயழகு அண்ணன் ஒரு வழி சொன்னார். "அக்கா, நாவ மரத்தடியில ஒரு கல்லை நட்டு மஞ்சளைப் பூசிருவோம். முனியாண்டின்னு சொல்லிட்டா ஒரு பய கோடாலியத் தூக்கமாட்டான்."

அக்கா தலையை ஆட்டினார். "சாமிய வச்சா மாட்ட எங்கடா கட்டுவ? நானா வீட்டு ஆளுங்க எங்க உக்காருவாங்க? தீட்டு, தொடக்குன்னு பொம்பளைங்கள வெரட்டுவீங்க. நெழலுக்குச் சாமி வேணாம், நெழலே போதும்." திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி வந்தால் ஏதோ வம்பு வருகிறது என்று எனக்குத் தெரியும்.

"சுத்தம் வேணுமின்னா குடுத்துருவோம். இப்பவே எடத்தைக் காலி பண்ணுங்க. ஆனா நெழல் இல்லாம மாடு நிக்காது. டவுன்ல வேற எங்கப்பா நெழல் இருக்கு?"

எல்லாருக்கும் தெரியும். ஜில்லாவை ஆண்ட கவர்மெண்டுப் பெரிய துரையின் பங்களா வாசலில் இருந்தது. அங்கே பாதையின் இரு பக்கமும் பழைய தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடித்து நின்றன.

ஒரு மணி நேரத்தில் பேட்டை முழுவதும் பங்களா வாசலில் இருந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. மாடுகளை மரியாதையாக அவிழ்த்து, மரியாதையாகக் கட்டினார்கள். மாடுகள் மட்டும் மரியாதை பார்க்கவில்லை. துரையின் பாதை முழுக்கச் சாணம். ஈ மொய்த்தது. அக்கா ரோசாச் செடிக்குப் பக்கத்தில் அடுப்பை மூட்டி ஆப்பம் ஊற்ற ஆரம்பித்தார். துரை வெளியே வந்தார். இங்கிலீஷ் தெரிந்த பாவி அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தன்தான். என் உத்தியோகம் போச்சு என்று நினைத்துக்கொண்டு முன்னால் போனேன். இது என்ன கூத்து என்று கேட்டார் துரை.

"சொல்லுடா மரத்தடியான்," என்றார் அக்கா. "எங்க மரத்துல காய்ச்சல் இருக்காம், வெட்டப் போறாங்களாம். தொர வூட்டு மரத்துல காய்ச்சல் இல்லையேன்னு இங்க வந்துட்டோம். தொர நல்லா இருக்காரு, தொரசாணியம்மா நல்லா இருக்காங்க, குதிரையும் நல்லா இருக்கு. நாங்களும் இங்கயே இருந்துக்கறோமுன்னு சொல்லு."

கொஞ்சம் மழுப்பிச் சொல்லலாமா என்று அக்காவைப் பார்த்தேன். அவர் கையில் ஆப்பக் கரண்டி இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

துரை சாணத்தைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், தம் மரங்களை அண்ணாந்து பார்த்தார். சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். அந்த மரங்களில் ஒரு கிளைகூட வெட்டக்கூடாது, இலைக்குப்பையைக் கூட்டி எருக்குழியில் போட்டால் போதும் என்று அங்கேயே உத்தரவானது. அக்கா ஒரு ஆப்பத்தை இலையில் வைத்து நீட்டினார். அதைத் தின்றுவிட்டுத்தான் துரை உள்ளே போனார். செய்தி கேட்டதும் மச்சான் தம் ஆட்களை இறக்கிப் பாதையைக் கூட்டிக் கழுவினார். அந்தச் சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஓவசியரும் நல்ல மனுஷர்தான். பிற்பாடு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி, தினமும் ஆப்பம் சாப்பிட்டார்.

ரயில் வந்ததும் வண்டிகள் குறைந்தன. நிழல் குறையவில்லை. மச்சான் தோட்டத்திலிருந்து ஓய்ந்து பதுளைக்கே வந்துவிட்டார். போன கச்சான் மாதத்தில் அக்காவுக்கு நெஞ்சு பலவீனம் கண்டது. கயிற்றுக் கட்டிலை நாவல் மரத்தடியில் போடச் சொன்னார். மச்சான் பக்கத்தில் இருந்து விசிறினார். "விசிறிய வைங்க. நீங்க நட்டது வீசுதில்ல?" என்றார் அக்கா. மச்சானோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அன்று நான் அழுதேன். எழுதும்போதும் அழுகிறேன். சரி, ஓரமாகப் போய் அழுதுவிட்டு வந்துவிட்டேன்.

மயானத்துக்குப் போகும் வழியில் பாடையை ஓரிடத்தில் இறக்கித் தலைமாடு கால்மாடு திருப்புவது நம் வழக்கம். பேட்டை மரத்தடியில் இறக்கினோம். நல்ல வெயில். பெண்கள் அந்த எல்லையோடு திரும்ப வேண்டும், ஒருவரும் திரும்பவில்லை. சனங்கள் நிழலில் உட்கார்ந்தார்கள். யாரோ பங்களாக் கதையை எடுத்தார், இன்னொருவர் களைவெட்டுக் கதையை எடுத்தார், மச்சானே திருத்திச் சொன்னார். பாடையைச் சுற்றி எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நேரமாகிறது என்று பண்டாரம் வந்து அதட்டிய பிறகுதான் எழுந்தோம். அப்பேர்ப்பட்ட சாவு யாருக்கு வாய்க்கும்!

அக்காவின் கடைசி நாள்களில் மரத்தடிக்கே வந்து இராப்பகல் பார்த்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், தினம் கஞ்சி காய்ச்சி அனுப்பிய நானாவின் வீட்டாருக்கும், கூடப் பிறந்தவள்போல் தலைமாட்டில் இருந்த பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணிக்கும், தோள் கொடுத்த மாயழகு அண்ணனுக்கும் வண்டிக்காரர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

இந்த மலரோடு ஆளுக்கொரு நாவல் கன்றும் தருகிறோம். மச்சான் தம் கையால் முளைக்கப் போட்டவை. வீட்டு வாசலிலோ வீதி ஓரத்திலோ நடுங்கள். சாப்பிட உட்காருமுன் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். களை வெட்ட ஆள் வந்தால் மட்டும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வருபவர் எங்கள் மச்சானாக இருந்தால், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.